சோற்றுப் பசையும் மூன்று டம்ளர் காப்பியும்

எங்கள் பகுதிச் சிறு வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுப் போன வாரம் இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் செல்போன் கடைக்காரர்கள். 'மோசடிக்காரர்களிடமிருந்து சின்னக் கடைகளைக் காப்பாற்றப் பத்து யோசனைகள்' என்று தலைப்பையும் அவர்களே எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். முப்பத்தெட்டு வருடம் ரேடியோக் கடையில் நின்றவனிடம் பத்துக்குக் குறையாது என்று நினைத்திருப்பார்கள். இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். என்னிடம் ஒன்றரைதான் இருக்கிறது. அந்த அரை, பசை காய்ச்சுவது பற்றியது.

அவர்கள் கடையில் நாலு கேமரா மாட்டியிருக்கிறார்களாம். "அந்தக் காலத்துல கேமரா இல்லாம எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார். எங்களிடம் ராவுத்தர் இருந்தார் என்றேன். அது எந்த நாட்டுக் கம்பெனி என்று மற்றவர் கேட்டார்.

ராவுத்தர் எங்கள் முதலாளி. ஒப்பணக்காரத் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அவருடைய ரேடியோக் கடை இருந்தது. அகலம் எட்டடி. நான் அதில் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். முதல் வருடம் பெட்டிகளைத் துடைத்தேன். இரண்டாம் வருடம் ஈயப் பற்று வைக்கக் கற்றுக்கொண்டு விரல்களைச் சுட்டுக்கொண்டேன். மூன்றாம் வருடம் என்னை மெக்கானிக் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சம்பளம் அதே சம்பளம்தான். என் படிப்பு அவ்வளவில் முடிந்தது.

ராவுத்தர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆள் மேல் சந்தேகம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். சாதாரணமாக ஒரு பேச்சுக்கு ஒரு 'ங்க' போடுவார். சந்தேகம் வந்தால் இரண்டாகும். மூன்றாவது 'ங்க' விழுந்தால் நான் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். இது நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. பார்த்துப் பார்த்து எனக்கே பழகியது.

ஒரு முறை காக்கி உடுப்பில் ஒருவர் வந்தார். அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருந்தால் தபாலாபீசில் லைசென்சு எடுக்க வேண்டும். தான் லைசென்சு இன்ஸ்பெக்டர் என்றும், கடையில் பாடிக்கொண்டிருக்கிற பெட்டிகளுக்கு லைசென்சு இல்லை என்றும், அபராதத்தை இங்கேயே கட்டிவிட்டால் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்றும் சொன்னார். குடையை மடக்கி மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க சார், உக்காருங்க, ஒரு மோர் குடிக்கறீங்களாங்க?" என்றார் ராவுத்தர். நான் வாசலுக்குப் போனேன்.

"போஸ்ட் மாஸ்டர் நம்ம ஆளுதானுங்க. இந்நேரம் சாப்பிடப் போற வழிதான். அவரையும் கூட்டியாரச் சொல்றேன். அவரு முன்னால கட்டிப்போட்டா எனக்கும் தைரியமா இருக்குமுங்க."

மோர் வருவதற்குள் இன்ஸ்பெக்டருக்கு வேறு அவசரம் வந்துவிட்டது. குடையை மறந்துவிட்டுப் போனார். நல்ல குடை. ஒன்பது வருடம் கடையில் உபயோகித்தோம்.

இதையெல்லாம் மோசடி என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வருகிறவர் அயலூர்க்காரர், கதை அரைகுறை, குடை நம்முடையதாகிறது. கஷ்டம் எங்கிருந்து வந்தது என்றால் எங்களுடைய நல்ல பழக்கத்திலிருந்து வந்தது.

அந்தக் காலத்தில் ரேடியோவைக் கடையில் கேட்டுவிட்டு யாரும் வாங்கமாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்துக் கேட்பார்கள். மாமனார் கேட்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு ஒரு குறை சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் முடிவு. இதற்கு 'ட்ரையல்' என்று பெயர். முன்பணம் கிடையாது. பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வோம், அவ்வளவுதான். முன்பணம் கேட்டால், "நம்பிக்கை இல்லீங்களா? பரவாயில்லீங்க" என்று சிரித்த முகத்தோடு எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். எங்கள் பக்கத்தில் கோபத்தையும் 'ங்க' போட்டுத்தான் காட்டுவார்கள்.

இதில் சில்லறை ஏமாற்று உண்டு. வீட்டில் கல்யாணம் என்றால் அதைச் சொல்லாமல் ட்ரையலுக்கு வாங்கிப் போவார்கள். பந்தலில் ஒரு வாரம் பாடும். பிறகு, "குரல் கொஞ்சம் கரகரங்குதுங்க" என்று திருப்பிக் கொடுப்பார்கள். பெட்டியின் மேல் சந்தனம் காய்ந்திருக்கும். ராவுத்தர் அதைத் துடைக்கச் சொல்வார். "நல்ல காரியத்துக்குத்தான தம்பி போயிட்டு வந்துருக்குது" என்பார்.

ஆனால் ஒரு வருடம் வேறு மாதிரி நடந்தது. ட்ரையலிலிருந்து திரும்பி வந்து, பிறகு நாங்கள் வேறு ஆளுக்கு விற்ற மூன்று பெட்டிகள் இரண்டே மாதத்தில் குரல் கம்மிப் போயின. திறந்து பார்த்தால் உள்ளே வால்வுகள் பழசு. வால்வு என்பது பல்பு மாதிரியான கண்ணாடிக் குழல். ரேடியோவின் உயிர் அதில்தான். ஒரு பெட்டிக்கு ஐந்து இருக்கும். துடைத்து வைத்தால் புதுசும் பழசும் பார்வைக்கு ஒன்றுதான். தனித்தனி எண்ணும் கிடையாது. ட்ரையலுக்குக் கொண்டுபோன யாரோ புதிய வால்வைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பழசைச் செருகி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வால்வு என் அரை மாதச் சம்பளம். இன்னும் இரண்டு பெட்டி இப்படிப் போனால் ட்ரையலையே நிறுத்திவிட வேண்டியதுதான் என்றார் ராவுத்தர். ட்ரையலை நிறுத்தினால் எங்கள் கடைக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

பெட்டியின் பின்மூடிக்கு அரக்கு முத்திரை வைக்கலாம் என்று நான் சொன்னேன். "வாங்கறவங்க கண்ணுல படற எடத்துல முத்திரை வெச்சா, உன்னைய நம்பலைன்னு அட்டை எழுதித் தொங்க விட்ட மாதிரி" என்று மறுத்துவிட்டார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சிகரெட் பெட்டிக்குள் வரும் மெல்லிய காகிதத்தைக் கால் அங்குல அகலத்துக்குக் கீற்றாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு கீற்றிலும் அவர் பென்சிலில் சின்னதாகக் கையெழுத்துப் போடுவார். அதை வால்வின் அடிப்பாகத்துக்கும் கீழேயுள்ள தகட்டுக்கும் சேர்த்து ஒட்ட வேண்டும். வால்வைப் பிடுங்கினால் காகிதம் கிழியும். பெட்டி திரும்பி வந்ததும் வாடிக்கையாளர் தெருமுனை தாண்டும் வரை காத்திருந்து, மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். ஒட்டுவது என் வேலை. பசை, என் தூக்குப்போசியில் மத்தியானம் மிஞ்சுகிற சோறு. கடையின் பாதுகாப்பு முழுவதும் என் பசியைப் பொறுத்திருந்தது.

அடுத்த இரண்டு மாதத்தில் ஐந்து பெட்டிகள் விற்காமல் திரும்பி வந்தன. மூன்றில் காகிதம் ஒட்டினபடியே இருந்தது. இரண்டில் இல்லை.

இல்லாத இரண்டில் ஒன்று போத்தனூர் ரயில்வே கார்டு ஒருவருடையது. நான் போனபோது அவர் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உட்காரக்கூடச் சொல்லவில்லை. வாசலிலேயே கேட்டேன். எடுக்கவில்லை என்று அவர் சத்தம் போட்டார், நானும் போட்டேன். கால் மணி நேரத்தில் விஷயம் முடிந்து இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். அந்தப் பயணத்தைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

மற்றது துடியலூர் வாத்தியாருடையது. ரங்கசாமி வாத்தியார் என்று பெயர். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. என்னை அனுப்பும்போது ராவுத்தர் ஒன்றே ஒன்று சொன்னார். "போனவொடனே கேட்டுப்போடு தம்பி. சுத்தி வளைக்காத."

போனவுடனே கேட்கத்தான் போனேன். வாத்தியார் என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "வாங்க தம்பி, வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல உக்காருங்க" என்றார். உட்கார்ந்தவனிடம் காப்பி வந்தது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, திருடினீர்களா என்று எப்படிக் கேட்பது? மழையைப் பற்றிப் பேசினேன். இரண்டாவது காப்பி வந்தது. பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் ரேடியோவைப் பற்றியே பேசினார். ஏரியல் கட்ட வந்தவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கடைசி வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். பெட்டி அருமையான பெட்டியாம்.

"வாங்கோணும்னுதான் இருந்தமுங்க. அதுக்குள்ள அம்மணிக்குக் கிணத்துக்கடவுல ஒரு எடம் வந்துருச்சு. வெள்ளிக்கெழமை பொண்ணு பாக்க வாராங்க. இப்பப் போயி ரேடியோ எதுக்குன்னு விட்டுட்டமுங்க" என்றார். அம்மணி என்றது அவருடைய ஒரே மகளை.

நல்ல செய்திக்கு மூன்றாவது காப்பி வந்தது. பாதி குடித்திருப்பேன். இனிமேல் விட்டால் சாப்பாடு போட்டுவிடுவார்கள் என்று பயம் வந்தது.

"ஏனுங்கையா, பொட்டியத் தொடைக்கறப்ப, பின்னால மூடியை ஆராச்சும் தெறந்து பாத்தீங்களாங்க?"

"எதுக்குங்க தெறக்கறது?"

"இல்லீங்க, உள்ள வால்வு ரெண்டு மாறியிருக்குமோன்னு... அதாவதுங்க, தெரியாமக்கூட மாறியிருக்கலாமுங்க..."

வாத்தியாருக்குப் புரியவில்லை. சமையலறைக் கதவருகே நின்றிருந்த அவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது. அவர் நேராக வந்து, எனக்கு முன்னால் இருந்த டம்ளரை, பாதிக் காப்பியோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். 

அதைப் பார்த்த பிறகுதான் வாத்தியாருக்குப் புரிந்தது.  "எடுத்துட்டமான்னு கேக்கறீங்க" என்றார்.

"அப்படியில்லீங்கையா..."

"அப்படித்தானுங்க தம்பி. நாங்க எடுக்கலீங்க."

அதற்குப் பிறகும் என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து வந்தார். பஸ் வர அரை மணி நேரம் ஆயிற்று. அது வரைக்கும் பக்கத்தில் நின்றார். ஏறும்போது, "பாத்துப் போங்க" என்றார். என் உத்தியோக வாழ்க்கையில் அந்த அரை மணி நேரத்தைப் போல நீளமான ஒன்று வேறில்லை.

ராவுத்தரிடம் வந்து, எடுக்கவில்லை என்கிறார் என்று சொன்னேன். காகிதம் எங்கே போயிற்று என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். காகிதம் இல்லை, ஆகவே திருட்டு. இந்த இடத்தில் நாங்கள் இருவரும் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டோம். அந்தப் பெட்டியை நாலு நாள் ஓயாமல் பாட விட்டிருந்தால் வால்வு புதுசா பழசா என்று தெரிந்திருக்கும். அது எங்களுக்குத் தோன்றவில்லை. முறை என்று ஒன்றை ஏற்படுத்திவிட்டால் அப்புறம் யோசிக்க வேண்டியதில்லை என்பதுதானே அதன் சௌகரியம்.

எங்கள் வட்டாரத்தில் நாலு ரேடியோக் கடைகள். போட்டி உண்டு என்றாலும், ஏமாற்றுகிறவர்களின் பெயரை மட்டும் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். 'ட்ரையல் கொடுக்கக் கூடாதவர்கள்' என்று ஒரு பட்டியல். நான்தான் கார்பன் வைத்து எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த வாரப் பட்டியலில் ஆறாவதாகப் போத்தனூர் கார்டையும், ஏழாவதாகத் துடியலூர் வாத்தியாரையும் எழுதினேன். பக்கத்து சைக்கிள் கடைக்காரர், தவணைக்கு விற்பதற்கு உதவும் என்று தனக்கும் ஒரு பிரதி கேட்டார். கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து சைக்கிள் கடைக்காரர் எங்கள் கடைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"உங்க பட்டியலால ஒரு நல்ல குடும்பத்தைக் காப்பாத்திப்போட்டேனுங்க. கிணத்துக்கடவுல இருந்து ஒரு பெரியவரு டயர் வாங்க வந்தாரு. துடியலூர் வாத்தியாரு எப்படிங்க, சம்பந்தம் பேசறமுங்கன்னாரு. நான் ஒண்ணுமே சொல்லலீங்க. பட்டியலை எடுத்துக் காட்டுனேன். டயரைக்கூட வாங்காம போயிட்டாருங்க."

வெள்ளிக்கிழமை என்று வாத்தியார் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை தாண்டி நாலு நாள் ஆகியிருந்தது.  ஆனாலும் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். காகிதம் இல்லையே!

அந்த வார இறுதியில் மேல் தட்டிலிருந்த ஒரு புதுப் பெட்டியைத் தூசி தட்டுவதற்காக இறக்கினேன். கம்பெனியிலிருந்து வந்து, காகிதம் ஒட்டி வைத்த நாளிலிருந்து அது கடையை விட்டு வெளியே போனதேயில்லை. மூடியைத் திறந்தேன். ஐந்து வால்வு இருந்தது. ஒரு காகிதம்கூட இல்லை. மூலையில் கொழுத்த கரப்பான் பூச்சி ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் வீட்டுச் சோறு அதற்கு நன்றாக ஒத்துக்கொண்டிருக்கிறது.

பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ராவுத்தருக்கு முன்னால் வைத்தேன்.  அவர் வெகுநேரம் கரப்பானையே பார்த்தார். பிறகு, "அப்போ அந்த மூணு பொட்டியில மட்டும் ஏன் தம்பி திங்கலை?" என்றார். அதுதான் ராவுத்தர். கரப்பான் தின்றதைப் பற்றி நான் அழப்போனேன், அது தின்னாததைப் பற்றி அவர் கேட்டார்.

காகிதம் அப்படியே இருந்த மூன்று பெட்டிகளையும் திறந்தோம். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய பென்சில் கையெழுத்துதான். ஆனால் கீற்றின் ஓரத்தில் காய்ந்திருந்த பசையில் லேசான நீலப் பச்சை ஓடியிருந்தது. சுரண்டி நாக்கில் வைத்துப் பார்க்கப் போனார்; கையைப் பிடித்துத் தடுத்தேன். "இது உன்ற சோறு இல்லை" என்றார். மூன்று பெட்டிகளையும் பாட விட்டோம். மூன்று நாளில் மூன்றும் கம்மின. வாத்தியார் பெட்டியையும் கார்டு பெட்டியையும் கூடவே பாட விட்டோம். இரண்டும் வெண்கலம் போலப் பாடின.

கரப்பான் தின்ற பெட்டிக்காரர்கள் யோக்கியர்கள். முத்திரை பத்திரமாக இருந்த பெட்டிகளில்தான் திருட்டு. யாரோ காகிதத்தை ஈரம் வைத்து உரித்து, வால்வை மாற்றி, அதே காகிதத்தைத் தன் பசையால் திரும்ப ஒட்டியிருக்கிறார்.

ராவுத்தர் தெருவில் இறங்கி எதிர்ச் சுவருக்குப் போனார். அங்கே அன்று காலை ஒட்டிய சினிமா போஸ்டர் இருந்தது. அதன் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துக்கொண்டு வந்தார். அதே நீலப் பச்சை.

அந்த போஸ்டரை ஒட்டியவர் ஏணி ஆறுமுகம். சொந்தமாக ஏணி வைத்திருந்ததால் அவருக்கு இரண்டு தொழில். விடியலில் போஸ்டர் ஒட்டுவார். பகலில் எங்கள் வாடிக்கையாளர் வீடுகளில் கூரைமேல் ஏறி ரேடியோவுக்கு ஏரியல் கட்டுவார். அனுப்புவது நாங்கள்தான். நான் காகிதம் ஒட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். ஒழுங்காக ஒட்டுகிறேன் என்று என்னைப் பாராட்டியும் இருக்கிறார்.

மறுநாள் ஆறுமுகம் ஏணியோடு வந்தார். ராவுத்தர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க ஆறுமுகம், உக்காருங்க, ஒரு சந்தேகமுங்க." நான் வாசலுக்குப் போய்விட்டேன். "எங்க பசையைக் கரப்பான் திங்குதுங்க. உங்க போஸ்டரை ஒண்ணும் திங்கறதில்லையே, அது எப்படிங்க?"

தொழில் ரகசியம் கேட்டால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? ஆறுமுகம் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"அதுங்களா? மைதாவைக் கரைச்சு அடுப்புல வெச்சுக் கிண்டோணுமுங்க. கொதி வாரப்ப மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டுப்போடோணும். கரப்பான், எறும்பு, எதுவும் கிட்ட வராதுங்க. லேசா நெறம் மட்டும் நீலமா..."

அங்கே நிறுத்தினார். மேஜையில் மூன்று பெட்டிகளும் மூடி திறந்தபடி இருந்தன. ராவுத்தர், "சொல்லுங்க" என்றார். ஆறுமுகம் காலைக் கீழே இறக்கினார். வீட்டுக்காரர்கள் காப்பி போட உள்ளே போகும் நேரம்தான் தனக்கு வேலை நேரம் என்று பிறகு சொன்னார். போத்தனூரில் காப்பி போட ஒருவரும் உள்ளே போகவில்லையாம், துடியலூரில் அந்த வாத்தியார் நகரவே இல்லையாம்.

ராவுத்தர் போலீசுக்குப் போகவில்லை. "ஏணியை வெச்சுட்டுப் போங்க. வால்வைக் கொண்டாந்துட்டு எடுத்துக்குங்க" என்றார். எட்டு நாள் அந்த ஏணி கடையில், குடைக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது. ஒன்பதாம் நாள் வால்வுகள் வந்தன, ஏணி போயிற்று. ஆறுமுகம் அதற்குப் பிறகும் எங்கள் எதிர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டினார். நாங்கள் பார்த்தால் தலையாட்டுவார்.

நான் மற்ற மூன்று ரேடியோக் கடைகளுக்கும் போய்ப் பட்டியலைத் திருப்பி வாங்கினேன். சைக்கிள் கடைக்காரர் தன் பிரதி தொலைந்துவிட்டது என்றார். நான் அவர் மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக்கொண்டேன். போத்தனூர் கார்டிடம் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் விழுந்து விழுந்து சிரித்து, ஒரு பெட்டிக்குச் சொல்லியும் அனுப்பினார்.

துடியலூருக்கு ராவுத்தரும் கூட வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும், "உள்ள போகாத. உக்காராத. வாசல்ல நின்னு சொல்லிப்போடு" என்றார். இந்தத் தடவை சொன்னபடி செய்தேன். கரப்பான், பசை, ஏணி எல்லாவற்றையும் வாசலில் நின்றே சொல்லி முடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது.

வாத்தியார் முழுவதையும் கேட்டார். "நீங்க கேட்டது தப்பில்லீங்க தம்பி. பொட்டி உங்களது. வந்தவொடனே கேட்டிருந்தீங்கன்னா, கடைக்காரருக்குப் பதில் சொல்லியிருப்பேன். காப்பியைக் குடிச்சுப்போட்டுக் கேட்டீங்க. ஒறம்பரைக்குப் பதில் சொல்ற மாதிரி ஆயிப்போச்சுங்க."

உறவினருக்கு எங்கள் பக்கம் ஒறம்பரை என்பார்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார்கள். காப்பி வரவில்லை. கிணத்துக்கடவுக்காரர்கள் அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை என்பதையும், ஏன் என்று சொல்லி அனுப்பக்கூட இல்லை என்பதையும் வாத்தியார் ராவுத்தர் கேட்ட பிறகுதான் சொன்னார்.

அங்கிருந்து நேராகக் கிணத்துக்கடவுக்குப் போனோம். மாப்பிள்ளையின் அப்பா தென்னந்தோப்பில் இருந்தார். ராவுத்தர் தோப்புக்குள்ளேயே நின்றுகொண்டு, "தப்பு எங்க மேலீங்க. பூச்சி தின்ன காயிதத்தை நம்பி ஒரு நல்ல மனுசனை எழுதிப்போட்டமுங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து அவருக்கு முன்னால் கிழித்தார். அவரும் நல்லவர்தான். இளநீர் வெட்டிக் கொடுத்தார். "அதனாலென்னங்க. வர்ற வெள்ளிக்கெழமை வாரமுன்னு நீங்களே சொல்லீருங்க" என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் அதைச் சொல்ல நானே துடியலூருக்கு ஓடினேன். வாசலில் நின்றே சொன்னேன். வாத்தியார் வேண்டாம் என்றார்.

"பொண்ணு எடுக்க வாரவங்க சைக்கிள் கடையில கேட்டாங்க. எங்கிட்டக் கேக்கலீங்க. நீங்க மூணு காப்பிக்கு அப்பறமாச்சும் எங்கிட்டயே கேட்டீங்க. அம்மணிகிட்டயும் கேட்டேன். அதும் வேண்டாம்னு சொல்லிருச்சுங்க."

அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் வலித்ததா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு பெண்ணுக்கு வந்த இடம் என் கையெழுத்தால் போயிற்று. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரம் பசைக்கு நிறையச் சோறு மிஞ்சியது. ஆனால் நாங்கள் மைதாவுக்கும் துத்தத்துக்கும் மாறியிருந்தோம்.

பட்டியலை அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. ட்ரையல் தொடர்ந்து நடந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும், கேட்க வேண்டியதை வாசலிலேயே கேட்டேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள், பலர் பதில் சொன்னார்கள். பதில் சொல்லிவிட்டு உள்ளே கூப்பிட்டவர்கள் வீட்டில் காப்பி குடித்தேன். இளைஞர்கள் கேட்ட பத்தில் என்னிடமிருக்கும் அந்த ஒன்று இதுதான்.

அடுத்த வருடம் தை மாதம் கடைக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. ராவுத்தர் பெயருக்கு ஒன்று, என் பெயருக்குத் தனியாக ஒன்று. வாத்தியார் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேறு ஊர். ராவுத்தர் கடையிலேயே நல்ல பெட்டியாகப் பார்த்து எடுத்துவைத்து, "ஒரு வாரம் முன்னாடியே கொண்டு போயிரு. கல்யாணம்னு சொல்லியே குடுக்கற மொத ட்ரையல் இதுதான்" என்றார். ஏரியலை நானே ஏறிக் கட்டினேன். வாத்தியார் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழையபடி கேள்வி கேட்டார்.

கல்யாணத்தன்று பந்தலின் ஓரத்தில் நின்றிருந்தேன். பந்திக்கு அழைத்தும் உட்காரக் கூச்சமாக இருந்தது. அப்போது வாத்தியாரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்து வந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கையில் ஒரு டம்ளர் காப்பி இருந்தது. அதை என்னிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏதாச்சும் கேக்கோணும்னா இப்பவே கேட்டுப்போடுங்க தம்பி" என்றார். "கேட்டுப்போட்டுக் குடிங்க."

கேட்க ஒன்றுமில்லீங்க என்றேன். டம்ளரைக் கொடுத்துவிட்டு, நான் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.